கெவனம் தப்பத் தொடங்கும் வயதில்

எங்கள் அப்பாவிடம் முதலில் தப்பியது பால் கணக்கு. சோமனூர் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறிக் குடோனில் நின்றவர் அவர். தறியை விற்றுவிட்டுச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வந்தபிறகு இரண்டு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றிவந்தார். காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை லிட்டர் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி, பட்டுவாடா நாளில் சொசைட்டிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பார். எழுபது வயது நடந்த வருடம் அந்த நோட்டில் ஒரே தேதி இரண்டு முறை வந்தது. சில நாள் சாயங்காலக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தண்ணீர் பாத்தியை மீறி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை வரைக்கும் ஓடியது. சின்ன மாமன் வீட்டுக் கலியாணம் எந்த மாசம் என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை நான் சலிப்போடு பதில் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது. "எனக்குக் கெவனமில்ல கண்ணு" என்றார்.

பாசமுள்ள எந்தக் குடும்பமும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பால் நோட்டை அம்மா எடுத்துக்கொண்டார். மோட்டார் ரூம் சாவி தம்பியிடம் போயிற்று. எக்செல் வண்டியின் சாவி ஆணியிலிருந்து பீரோவுக்குள் போயிற்று. "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவரும் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் பேச்சு பாதியாகக் குறைந்தது. நடை தளர்ந்தது. மறதி கூடியது. இதை நான் எழுதக் காரணமே அந்த ஆறு மாதம்தான்.

கொங்கில் ஞாபகத்துக்குக் கெவனம் என்றுதான் பேர். கவனம் என்ற சொல்லின் பேச்சு வடிவம் அது. ஒன்றைக் காதில் வாங்கி மனதில் நிறுத்துவதும், பிற்பாடு அதைத் தேடி எடுப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: உள்ளே சரியாகப் போகாத ஒன்றைத் திரும்ப எடுக்க முடியாது. கீழே காது, தூக்கம், மாத்திரைப் பை என்று நான் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுவே.

மறதிக்கும் மறதி நோய்க்கும் நடுவில்

டாக்டர் சீட்டில் எழுதிய பெயர் மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட், சுருக்கமாக எம்.சி.ஐ. தமிழில் லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். வயதுக்கு வரும் வழக்கமான மறதியைவிடக் கூடுதலானது. ஆனால் டிமென்ஷியா என்கிற மறதி நோய் அல்ல. இரண்டையும் பிரிக்கும் கோடு அன்றாட வாழ்க்கையில்தான் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, சந்தைக்குப் போய்வருவது, காசு எண்ணிக் கொடுப்பது ஆகியவற்றைக் கொஞ்சம் நேரமெடுத்தாவது, தப்பித் திருத்தியாவது தானே செய்துகொள்கிறவர் எம்.சி.ஐ. கட்டத்தில் இருக்கிறார். அடுத்தவர் கை இல்லாமல் அந்த வேலைகள் நடக்காது என்ற நிலை வந்தால்தான் அது டிமென்ஷியா. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1999-ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த இடைக்கட்டத்துக்குத் தெளிவான வரையறை கொடுத்தது.

இது எவ்வளவு பரவலானது என்பதை அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் தொகுத்தது. 60 முதல் 64 வயதுக்குள் 6.7 சதவீதம் பேருக்கு எம்.சி.ஐ. இருக்கிறது. 80 முதல் 84 வயதுக்குள் அது 25.2 சதவீதம், அதாவது நாலில் ஒருவர். 65 வயதைத் தாண்டிய எம்.சி.ஐ. உள்ளவர்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில் 14.9 சதவீதம் பேர் டிமென்ஷியாவுக்குள் போனார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அந்த இரண்டு வருடத்தில் போகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எம்.சி.ஐ.யிலிருந்து மீண்டு இயல்பு நிலைக்கு வந்தவர்களும் உண்டு. அந்த அளவு ஆய்வுக்கு ஆய்வு 14 முதல் 55 சதவீதம் வரை மாறுகிறது. டாக்டர் பெயர் சொன்ன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த எண்கள் அன்றைக்கே தெரிந்திருந்தால் சாப்பிட்டிருப்போம்.

சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிகாரம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஏற்ற கேள்விகள். எட்டு வயதில் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார்ந்தவர்களும், ஆடு மேய்க்கப் போனவர்களும் நம் ஊரில் ஏராளம். அவர்கள் அதில் தோற்றால் மூளை கெட்டுவிட்டது என்று பொருள் ஆகாது. தமிழில் தயாரித்த சோதனைகள் இருக்கின்றன. படிப்புக்கு ஏற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் முறையும் இருக்கிறது. எத்தனை வருடம் படித்தார், என்ன தொழில் பார்த்தார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், போன வருடம் செய்த எந்த வேலையில் இந்த வருடம் தடுமாறுகிறார் என்று கூட இருப்பவர் சொல்லும் தகவல். எங்கள் பால் நோட்டை டாக்டர் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்தார். எந்த மாதத்தில் எழுத்து தடுமாறத் தொடங்கியது என்பது அதில் தேதியோடு இருந்தது.

முதலில் பார்க்க வேண்டிய எளிய காரணங்கள்

மறதி என்றதும் எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். ஸ்கேனும் தேவைதான். ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல ரத்தப் பரிசோதனையிலேயே மாட்டும். வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், ரத்தசோகை, சர்க்கரை. இதில் பி12 நம் வீடுகளில் பலவிதத்தில் குறையும். அந்தச் சத்து கறி, மீன், முட்டை, பாலில் மட்டும்தான் உண்டு; வயதானால் பலர் கவுச்சியை விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டாலும் வயிற்றில் அமிலம் குறைவதால் உடம்பு அதை வாங்காது. பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிற சர்க்கரைக்காரர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகையறா தினமும் போடுகிறவர்களுக்கும் பி12 குறையும். காலில் மரமரப்பு, நாக்கு எரிச்சல், மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது மாத்திரைப் பை. ஒவ்வொரு வீட்டிலும் ஜவுளிக்கடை மஞ்சப்பையில் மூன்று நாலு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் கலந்து கிடக்கும். பையை அப்படியே எடுத்துப்போய் ஒரே டாக்டர் முன்னால் கொட்டிக் காட்டுங்கள். மூக்கு ஒழுகலுக்குக் கடையில் வாங்குகிற குளோர்பெனிரமைன், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தருகிற அமிட்ரிப்டிலின், அடிக்கடி ஒன்றுக்குப் போவதைக் குறைக்கும் ஆக்ஸிபியூட்டினின் இவையெல்லாம் நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம் போன்றவையும் கெவனத்தை மங்கவைக்கும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து குழப்பம் வரும். எதையும் வீட்டிலேயே முடிவு செய்து நிறுத்தக் கூடாது. அல்பிரசோலத்தைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வும் மறதி வேடம் போடும். துணையை இழந்தவர், பிள்ளைகளெல்லாம் வெளியூர் போய்ச் சாளையில் தனியாக இருப்பவர் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது மூளைத் தேய்வு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் காட்டலாம். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வந்து, பகலெல்லாம் தூங்கி விழுகிறவருக்குத் தூக்கத்தில் மூளைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு.

ஒரு எச்சரிக்கை. மறதி மாதக்கணக்கில் மெல்ல வந்தால் மேலே சொன்னபடி நிதானமாகப் பார்க்கலாம். நாலைந்து நாளில் ஆள் திடீரென்று குழம்பினால், பகல் ராத்திரி தெரியாமல் பேசினால், அது அவசரம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம் என்று எதுவும் இருக்கலாம். சில வாரத்துக்கு முன்னால் வண்டியின் பின் சீட்டிலிருந்து விழுந்து, அப்போது ஒன்றும் ஆகவில்லை என்று விட்டிருப்பார்கள். மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்கேனை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தறிச் சத்தம் தின்ற காது

கொங்கு நாட்டில் இதைப் பற்றி எழுதுகிறவர் காதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும் என்பது என் கருத்து. சோமனூர், பல்லடம், சூலூர், பள்ளிபாளையம், திருச்செங்கோடு என்று ஊர் ஊராகத் தறி ஓடிய மண் இது. நாடாத் தறிக் குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் தினம் எட்டு மணி நேரம் நின்றாலே காதுக்குக் காப்பு வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. எங்கள் அப்பா காலத்தில் காதில் பஞ்சு வைத்தவரைக்கூட நான் பார்த்ததில்லை. உள்ளே பேச்சே கிடையாது. எல்லாம் கை ஜாடைதான். பாவு தீர்ந்துவிட்டது என்பதற்கு ஒரு ஜாடை, டீ வந்துவிட்டது என்பதற்கு ஒரு ஜாடை.

சத்தத்தில் கெட்ட காதுக்கு முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் மெய்யெழுத்துகள் மங்கிவிடும். ச, ட, த, ப இவற்றுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் கரையும். பட்டு என்றால் பத்து என்று கேட்கும். ஆள் செவிடு இல்லை என்பதால் வீட்டில் யாரும் காதைச் சந்தேகப்பட மாட்டார்கள். "சொல்லச் சொல்ல மறந்தர்றாரு" என்பார்கள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அதோடு, அரைகுறையாகக் கேட்டதை ஊகித்து முழுசாக்குவதற்கே மூளை தன் சக்தியைச் செலவழித்துவிடும். நினைவில் நிறுத்த மிச்சமிருக்காது. கொஞ்ச நாளில் அவரே கூட்டத்தை விட்டு ஒதுங்குவார். கலியாண வீட்டில் ஒறம்பரைக்கு, அதாவது சொந்தபந்தத்துக்கு, நடுவில் எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்று தலையாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெரியவரை ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

டிமென்ஷியாவைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் வரும் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அதில் முதலிடத்தில் இருப்பவை இரண்டு: கேட்கும் திறன் குறைவும், கெட்ட கொழுப்பும். தலா 7 சதவீதம். காது மெஷின் வைத்தால் நினைவு காக்கப்படுமா என்று நேராகச் சோதித்தது அச்சீவ் என்ற அமெரிக்க ஆய்வு. 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று வருடம் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் உள்ள பிரிவினரிடம் மட்டும் பார்த்தபோது, மெஷின் வைத்தவர்களின் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரையோடு எழுபதைத் தாண்டிய தறிக்காரர் எந்தப் பிரிவைப் போன்றவர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் காதுக் குரும்பியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில பேருக்கு அதோடு முடிந்துவிடும். பிறகு கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம். தகுதி உள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காது மெஷின் இலவசமாகவே கிடைக்கும். மெஷின் வாங்குவதைவிடக் கஷ்டம் முதல் ஒன்றரை மாதம். வருடக்கணக்கில் கேட்காத சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். அப்பா முதல் நாள் கழற்றி வைத்ததற்குச் சொன்ன காரணம், பாத்திரம் கழுவுகிற சத்தம் தறிச் சத்தம்போல இருக்கிறது என்பது. தினம் ஒரு மணி நேரம், வீட்டுக்குள் மட்டும், பிறகு இரண்டு மணி நேரம் என்று ஏற்றினோம். இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறவர்களின் மெஷின்தான் பீரோவில் தூங்குகிறது.

கண்ணும் இதே கதைதான். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு கண்புரை உள்ள 3,038 முதியவர்களைப் பார்த்தது. புரையை அறுத்து எடுத்துக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் அபாயம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. பொரை முற்றட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம்.

பிரஷர், நடை, கும்மி

எம்.சி.ஐ. வருவதையே குறைத்ததாகப் பெரிய சோதனை ஒன்றில் தெளிவாகத் தெரிந்தது ரத்த அழுத்தக் கட்டுப்பாடுதான். ஸ்பிரின்ட் மைண்ட் என்ற அந்த அமெரிக்க ஆய்வில் 9,361 பேர் இருந்தார்கள். மேல் அளவை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு எம்.சி.ஐ. 19 சதவீதம் குறைவாக வந்தது. முடிவு 2019-ல் வெளியானது. அதற்காக எல்லா முதியவருக்கும் 120 என்று பிடித்த பிடியாக நிற்க முடியாது. எழுந்து நின்றதும் தலை சுற்றி விழுகிறவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருகிறது என்பது வேறு, தினமும் உள்ளே போகிறது என்பது வேறு. மறதி உள்ளவர் அதைத்தான் முதலில் மறப்பார். ஏழு நாள் பெட்டி ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

உடற்பயிற்சிக்கு வருவோம். அமெரிக்க நரம்பியல் அகாடமி எம்.சி.ஐ. உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு முறையாவது உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கச் சொல்கிறது. நான் அதிகம் யோசித்தது எக்ஸர்ட் என்ற இன்னொரு ஆய்வைப் பற்றி. எம்.சி.ஐ. உள்ள சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தாருக்கு மூச்சு வாங்கும் அளவு பயிற்சியும், மறு பக்கத்தாருக்குக் கை காலை நீட்டி மடக்கும் லேசான பயிற்சியும் ஒரு வருடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் நினைவுத் திறன் அந்த வருடம் சரியவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது, வீட்டை விட்டுக் கிளம்பி ஓரிடத்துக்கு வந்ததும், கூடவே ஆள் இருந்ததும். இதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு வாசலில் தனியாக எட்டு போட்டு நடப்பதைவிட, நாலு பேரோடு இட்டேரியில் நடப்பது மேல் என்று நான் நம்புவதற்கு அது போதும்.

நாலு பேரோடு என்றால் நம் ஊரில் கும்மிக்கு மிஞ்சியது ஏது? வள்ளி ஒயில் கும்மியைக் கற்றுக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு 87 வயது. கொங்கில் இப்போது ஊருக்கு ஊர் கும்மிக் குழு இருக்கிறது; அறுபதைத் தாண்டிய பெண்களும் ஆண்களும் அதில் நிற்கிறார்கள். அடி எண்ண வேண்டும், பாட்டைக் கேட்க வேண்டும், பக்கத்தில் ஆடுகிறவரின் கையைப் பார்க்க வேண்டும், திரும்புமிடம் நினைவிருக்க வேண்டும். காலும் கெவனமும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரிடம் இரண்டு வருடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஃபிங்கர் ஆய்வில், சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய் ஆபத்துகளைக் கண்காணிப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. சேர்த்துச் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஆடத் தொடங்கும் முன்னால் முட்டியையும் இதயத்தையும் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். ஆடுகிற தரை வழுக்காமல் இருக்க வேண்டும்.

பழமை பேச ஆள்

பேசிக்கொண்டிருப்பதைக் கொங்கில் பழமை பேசுவது என்போம். திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பழமை. எந்த வருடம் ஆழ்குழாய் போட்டது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எந்த மாடு எந்தச் சந்தையில் பிடித்தது என்று போகும். இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒருவர் தன் நினைவைத் தானே தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, எதிராளி மறுத்தால் திருத்தி, மறுபடி சொல்கிறார். செல்போனில் விற்கும் மூளை விளையாட்டுகளில் பயிற்சி எடுத்தால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆகிறார்கள். அந்தத் திறமை அன்றாட வேலைக்கு வந்து சேர்வது குறைவு. பல்லாங்குழியும் தாயமும் நல்லவைதான், எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதால்.

மொழி விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி தலைமையில் டிமென்ஷியா உள்ள 648 பேரைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு மொழி புழங்கியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. கொங்கில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வீட்டு மொழி பேசினால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது என்று பெரியவர்கள் அதை மெல்ல விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அப்பாரும் அப்பத்தாளும் அவர்கள் பாஷையிலேயே பேசட்டும். பேரன் திக்கித் திக்கிப் பதில் சொல்லட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் நம் பழைய சாப்பாடே நல்ல சாப்பாடு. கம்பு, ராகி, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, கீரை, நிலக்கடலை, வாரம் இரண்டு நாள் மீன். உப்பையும் சர்க்கரையையும் குறைக்க வேண்டும். புகையிலையும் குடியும் இருந்தால் மற்ற எல்லா முயற்சியும் பாதிதான். ஈரோட்டு மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மஞ்சளின் மேல் எனக்கும் பெருமை உண்டு, ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமினை உடம்பு மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது, அது மறதியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று வரவில்லை. குழம்பில் போடுங்கள், அந்த நம்பிக்கையில் மாத்திரை டப்பா வாங்காதீர்கள். நினைவாற்றலுக்கென்று விற்கும் ஜிங்கோ என்ற மூலிகை மருந்தை 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் சோதித்து 2008-ல் சொன்ன முடிவு, டிமென்ஷியாவைக் குறைக்கவில்லை என்பதுதான்.

மருந்து என்று பார்த்தால், டிமென்ஷியாவுக்குத் தரும் டோனெபெசில் எம்.சி.ஐ.யைத் தடுத்து நிறுத்துவதில்லை. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப், மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு இருப்பது சோதனையில் உறுதியான ஆரம்பக் கட்டத்தவர்களுக்கு மட்டும். பதினெட்டு மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். மூளை வீக்கம், ரத்தக் கசிவு வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும். இதற்காக வீட்டை விற்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் காதும் பிரஷரும் பி12-ம் சரிபார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையைத் திருப்பிக் கொடுத்தது

டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, அவர் கையில் இப்போது என்ன வேலை இருக்கிறது என்பது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊன்றுகோல் வைத்து. மோட்டார் ரூம் சாவி அவரிடமே வந்தது. மோட்டாருக்குத் தானே நிற்கும் டைமர் பொருத்தினோம். சாவி, கண்ணாடி, காது மெஷின் மூன்றுக்கும் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஒரே மரத்தட்டு. சுவரில் பெரிய எழுத்துத் தேதிக் காலண்டர். காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பது அவர் வேலை. கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகினோம். "நேத்து என்ன சாப்ட்டீங்க, கெவனமிருக்குதா?" என்று பரீட்சை வைக்காமல், "நேத்து அரிசிம்பருப்பு நல்லா இருந்துச்சுங்களாப்பா?" என்று எடுத்துக் கொடுத்துப் பேசினோம். எக்செல் வண்டி மட்டும் தோட்டத்திலிருந்து சொசைட்டி வரைக்கும், வெளிச்சத்தில் மட்டும், ஹெல்மெட்டோடு. டாக்டரிடமும் கேட்டுத்தான் அதைக் கொடுத்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் பார்க்கும்போது வண்டி ஓட்டலாமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

காசும் காகிதமும் கொஞ்சம் கடினமான பேச்சு. இந்தக் கட்டத்தில் இருப்பவர் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர். உயிலோ, வங்கிக் கணக்கில் நாமினியோ, எந்தக் காடு யாருக்கு என்பதோ அவரே உட்கார்ந்து பேசி எழுதுவதற்கு இதுதான் நேரம். பிள்ளைகள் தங்கள் பேருக்கு எழுதி வாங்குவதற்கான நேரம் என்று நான் சொல்லவில்லை. தானமாக எழுதிக் கொடுக்கும்போது, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினால், 2007-ம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் பிற்பாடு அதை ரத்து செய்யக் கேட்க முடியும். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விவரம் கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. ஓ.டி.பி. கேட்டு வரும் போன்களைப் பற்றியும் பொறுமையாகப் பத்துத் தடவை சொல்லுங்கள். புதிய ஏமாற்று வேலைகளுக்கு முதலில் சிக்குவது இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்தான்.

பால் நோட்டை அம்மா திருப்பிக் கொடுத்த அன்று அப்பா அதைக் கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா எழுதிய ஆறு மாதப் பக்கங்களைத் தாண்டி, புதுப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு கட்டம் விடுபடுகிறது. பட்டுவாடா அன்று சொசைட்டிச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் திண்ணையில் உட்காருவார்கள்; விடுபட்ட கட்டத்தை அம்மா சொல்லமாட்டார், விரலை மட்டும் அந்தத் தேதிமேல் வைப்பார். போன வாரம் அப்படி வைத்தபோது அப்பா நிமிர்ந்து பார்த்து, "அன்னிக்குச் சாயங்காலம் மழை பேஞ்சுச்சில்ல புள்ள, செவலை மாடு கண்ணு போட்டுச்சே" என்றார். அம்மா விரலை எடுத்துவிட்டார்.